பட்டைக்குள் போகணும், கட்டையைத் தொடக்கூடாது

என் அம்மா ஒவ்வோர் இரவும் ஒன்பதரை மணிக்கு இன்சுலின் பேனாவைக் காதருகே பிடித்துக்கொண்டு அதன் பின்முனையைத் திருகுவார். ஒரு யூனிட்டுக்கு ஒரு முறை அது 'டிக்' என்று ஒலிக்கும். சீனி வியாதி விழித்திரையைத் தாக்கி ஆறு ஆண்டுகள் ஆகிவிட்டதால், பேனாவின் சிறு சன்னலில் தெரியும் எண்களை அவரால் படிக்க முடியாது. எனவே அளவு முழுவதும் காதால்தான் எடுக்கப்படுகிறது. மொத்தம் 24 ஒலிகள். அந்த நேரத்தில் வீட்டில் யாரும் பேசுவதில்லை. பக்கத்து வீட்டு வாசலில் மோட்டார்சைக்கிள் வந்து நின்றால்கூட அம்மா கையை நிறுத்தி, திருகியதைப் பின்னுக்குக் கொண்டுபோய், முதலிலிருந்து எண்ணத் தொடங்குவார். ஒலியை எண்ணி அளவு வைக்கக்கூடாது, எண்ணைப் பார்த்துத்தான் வைக்கவேண்டும் என்று பேனாவோடு வரும் தாளில் தெளிவாக அச்சிட்டிருக்கிறது. அதை அவருக்குப் பலமுறை படித்துக் காட்டியிருக்கிறேன். நான் வீட்டில் இருக்கும் நாள்களில் எண்ணைப் பார்த்துச் சொல்வதும் நானே. ஆனால் வாரத்தில் மூன்று நாள் எனக்கு வேலை இரவு பத்து மணிக்குத்தான் முடிகிறது.

நாங்கள் இருப்பது மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட். அம்மா ரப்பர்த் தோட்டத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறி, லயத்து வீடுகள் காலியானபோது, அங்கிருந்து வந்த பல குடும்பங்களைப்போல நாங்களும் பட்டணத்துத் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி ஒன்றில் குடியேறினோம். நான் இங்கே ஒரு மருந்தகத்தின் முகப்பில் பதினான்கு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். மருந்தாளர் பட்டம் பெற்றவள் இல்லை. ஆனால் எந்த வீட்டில் யாருக்குச் சீனி, யாருக்கு இரத்த அழுத்தம், யார் பார்வை மங்கிக்கொண்டே வருகிறது என்பதெல்லாம் அந்த முகப்பில் நிற்பவருக்குத் தெரிந்துவிடும். 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வு மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகச் சொன்னது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. எங்கள் தாமானின் ஒரு வரிசையை எடுத்துக்கொண்டு வீடுவீடாக எண்ணினால் எனக்கு அந்தக் கணக்கு வியப்பளிப்பதில்லை.

போன ஆண்டு தீபாவளிக்கு முந்திய இரவு, அம்மா எண்ணிக்கொண்டிருக்கும்போது வாசலில் யாரோ அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். பதில் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்வதாக நினைத்துத் திருகியிருக்கிறார். பின்னிரவு இரண்டு மணிக்கு அவருடைய இரவிக்கை வியர்வையில் நனைந்திருந்தது, நாக்குக் குழறியது, கருவியில் சீனி 2.9 மில்லிமோல் என்று காட்டியது, அபாயமான தாழ்வு. நான்கு கரண்டி சீனி கலந்த மைலோவை மடக்கு மடக்காகக் குடிக்கவைத்து, கால் மணி நேரத்துக்கு ஒருமுறை விரலைக் குத்திப் பார்த்து விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். அன்றுமுதல், தோலில் ஒட்டினால் மிக நுண்ணிய ஊசிகள் வழியாக மருந்தை உள்ளே விடும் நுண்ணூசி ஒட்டுகளைப் பற்றிக் கண்ணில் படும் எதையும் நான் படிக்காமல் விடுவதில்லை.

அவற்றைப் பற்றி வரும் செய்திகள் பெரும்பாலும் 'வலியில்லாத ஊசி' என்பதையே தலைப்பாக்குகின்றன. அம்மா வலியைப் பற்றி ஒருநாளும் முறையிட்டதில்லை. இப்போதைய பேனா ஊசி 4 மில்லிமீட்டர் நீளந்தான். கொசுக்கடிக்கும் கட்டெறும்புக்கும் அட்டைக்கும் நடுவே முப்பத்தொரு ஆண்டுகள் நின்று வேலை செய்த உடம்புக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அவருக்கு வேண்டியது, தனியாக இருக்கும்போதும் அளவு தவறாமல் தானே எடுத்துக்கொள்ளக்கூடிய மருந்து. ஒரு ஒட்டு வலிக்கிறதா இல்லையா என்பதைவிட, கண் தெரியாத, கை நடுங்கும் ஒருவர் அதை யார் துணையும் இல்லாமல் சரியாகப் போட்டுக்கொள்ள முடியுமா என்பதையே நான் முதலில் பார்க்கிறேன்.

எங்கள் மருந்தகத்தில் முகப்பருவுக்கு ஒட்டும் நுண்ணூசி ஒட்டுகள் விற்பனைக்கு உண்டு. பெட்டி நசுங்கிவிட்டதால் விற்கமுடியாமல் போன ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சிறுவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய, ஒளி ஊடுருவும் ஒரு வட்டம். நடுவில் ஏதோ மங்கலாகத் தெரியும், அவ்வளவுதான். உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தால் வரிசை வரிசையாகக் கூர்முனைகள் தெரிந்தன. விளக்கொளியில் பனித்துளி நிற்கும் புல்தரைபோல இருந்தது. அம்மாவுக்கு உருப்பெருக்கி உதவாது. அவர் சுட்டுவிரலின் நுனியை அதன்மேல் மெல்ல வைத்து இழுத்துப் பார்த்தார்.

"பூனை நாக்கு மாதிரி இருக்கே. இதுதான் ஊசியா?"

"ஆமாம்மா. தோலுக்கு மேல செத்த தோல் ஒன்னு இருக்கு. அதத் தாண்டி உள்ள போகும். நரம்பு நெறைய இருக்கிற ஆழத்துக்குப் போகாது. அதனாலதான் வலிக்காது."

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "பால்மரம் வெட்டுறதும் அதுதானே பாப்பா. பட்டைக்குள்ள போகணும், கட்டையத் தொடக்கூடாது," என்றார்.

நான் படித்த எந்தக் கட்டுரையும் இந்த நுட்பத்தை இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. பால்மரத்தின் வெளிப்பட்டை செத்துப்போன காய்ந்த பகுதி. அதைச் சீவினால் ஒன்றும் வராது. அதற்குள்ளே மென்பட்டை, பால் ஓடும் குழாய்கள் கட்டையை ஒட்டிய அந்த உட்பகுதியில்தான் நெருக்கமாக இருக்கின்றன. அதற்கும் உள்ளே, கட்டைக்கும் பட்டைக்கும் இடையில், மரத்தை வளரச்செய்யும் மெல்லிய உயிர்ப்படலம். நல்ல வெட்டுக்காரர் அந்தப் படலத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் முன்னால் கத்தியை நிறுத்திவிடுவார். அதைத் தாண்டினால் மரம் காயப்படும்; புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும்; மறுபடி அந்த இடத்தில் ஒழுங்காக வெட்ட முடியாது. காயம் பட்ட மரத்தைக் கண்டால், வேலையை மேற்பார்க்கும் மண்டோர் சத்தம் போடுவார். மேலாக வெட்டினாலோ பால் குறையும், அதற்கும் சத்தம் போடுவார். இந்த ஒரு மில்லிமீட்டர் கணக்கை விடியற்காலை இருட்டில், நெற்றி விளக்கின் வெளிச்சத்தில், ஒரு நாளைக்கு நானூறு ஐந்நூறு மரத்தில் அம்மாவின் கை செய்திருக்கிறது. அந்தக் கையால்தான் இன்று பேனாவின் எண்ணைச் சரிபார்க்க முடியவில்லை என்பதை எழுதும்போது எனக்கு மனம் கனக்கிறது.

மனிதத் தோலும் அடுக்குகளால் ஆனதே. எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது செத்த உயிரணுக்கள் செங்கல்லைப்போல அடுக்கப்பட்டு, இடையே கொழுப்பு சாந்தாகப் பூசப்பட்ட ஒரு படலம். அதன் தடிமன் உடம்பின் பெரும்பாலான இடங்களில் 10 முதல் 20 மைக்ரோமீட்டர். ஒரு மில்லிமீட்டருக்கு 1000 மைக்ரோமீட்டர் என்பதை நினைவில் கொண்டால் அது தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு என்பது புரியும். இந்த மெல்லிய சுவர்தான் மழைநீர் உடம்புக்குள் இறங்காமலும், உடம்பின் நீர் வெளியே ஆவியாகாமலும் காக்கிறது. மருந்துகளையும் உள்ளே விடாமல் தடுக்கிறது. இதற்குக் கீழே உயிருள்ள மேல்தோல்; அதில் இரத்தக் குழாய்கள் கிடையாது. அதற்கும் கீழேயுள்ள அடித்தோலில்தான் இரத்தக் குழாய்களும், வலியை உணரும் நரம்புகளில் பெரும்பாலானவையும் இருக்கின்றன. நுண்ணூசிகளின் நீளம் பொதுவாக ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். செத்த சுவரைத் துளைக்க அது தாராளமாகப் போதும்.

ஊசியே இல்லாத ஒட்டுகள் இருக்கத்தானே செய்கின்றன என்று கேட்கலாம். பயணத்தில் வாந்தி வராமல் காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோப்பொலமின் ஒட்டு 1979இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. புகைப்பழக்கத்தை விட உதவும் நிக்கொட்டின் ஒட்டை எங்கள் கடையிலேயே கேட்டு வருகிறார்கள். ஆனால் அந்த வழியாகப் போகக்கூடிய மருந்துகள் மிகச் சில. மூலக்கூறின் எடையை டால்டன் என்ற அலகால் அளப்பார்கள். 500 டால்டனுக்கு மேற்பட்ட எதுவும் அந்தச் செத்த சுவரைத் தானாகக் கடப்பது அரிது. நிக்கொட்டின் 162 டால்டன், எண்ணெயோடும் ஒட்டும், நீரோடும் ஒட்டும், எளிதாக இறங்கிவிடுகிறது. இன்சுலின் ஏறக்குறைய 5800. வெறும் ஒட்டில் வைத்து எத்தனை நாள் ஒட்டினாலும் அது தோலின்மேலேயே கிடக்கும். மாத்திரையாக விழுங்கினாலோ, அது புரதம் என்பதால், இட்லியையும் முட்டையையும்போல வயிற்றில் செரித்துப்போகும். 1922 ஜனவரியில் டொரண்டோவில் லியோனர்ட் தாம்சன் என்ற சிறுவனுக்கு முதல் இன்சுலின் ஊசி போடப்பட்ட நாளிலிருந்து நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அம்மா ஊசியைத்தான் நம்பியிருக்கவேண்டியிருப்பதற்கு இதுவே காரணம்.

சுவரில் சிறு துளைகள் இட்டுவிட்டால் என்ன என்ற எண்ணம் புதிதன்று. அமெரிக்காவின் ஆல்சா நிறுவனத்தைச் சேர்ந்த இருவர் 1971இல் விண்ணப்பித்து 1976இல் பெற்ற காப்புரிமையிலேயே நுண்ணூசிகள் கொண்ட மருந்துப் பட்டை வரையப்பட்டிருக்கிறது. ஆனால் அவ்வளவு சிறிய, அவ்வளவு ஒரே சீரான முனைகளைச் செய்யும் வழி அப்போது இல்லை. கணினிச் சில்லுகளைச் செதுக்கும் தொழில் வளர்ந்த பிறகுதான் அது கைகூடியது. 1998இல் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் மார்க் பிராஸ்னிட்ஸும் அவருடைய கூட்டாளிகளும் சில்லுகள் செய்யும் சிலிக்கனில் 150 மைக்ரோமீட்டர் நீள ஊசிகளைச் செதுக்கி, அவற்றால் துளைத்த மனிதத் தோலில் ஒரு சாயப்பொருள் ஆயிரம் மடங்குக்கு மேல் கூடுதலாக ஊடுருவுவதைக் காட்டினார்கள். நம் நாட்டில் பினாங்கிலும் கூலிமிலும் சில்லுத் தொழிற்சாலைகளுக்கு நிறுவனப் பேருந்தில் வேலைக்குப் போன தோட்டத்துப் பெண்கள் எத்தனை பேர்! அவர்கள் கைபட்ட அதே தொழிலின் கருவியிலிருந்து இந்த மருத்துவ எண்ணம் உயிர் பெற்றது என்பது எனக்குத் தனிப்பட்ட முறையில் மகிழ்ச்சி தருவது.

அதன் பிறகு பல வகைகள் வந்தன. மருந்தை உலோக முனைமேல் பூசுவது ஒரு வகை. உள்ளீடற்ற குழலாகச் செய்து மருந்தைச் செலுத்துவது இன்னொரு வகை. தோலின் நீரை உறிஞ்சி வீங்கி, அந்த ஈரத்தின் வழியாக மருந்தை இறங்கவிடும் வகை வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் வளர்க்கப்பட்டது. ஆனால் எங்கள் ஊருக்கு எது பயன்படும் என்று கேட்டால், கரையும் ஊசியைத்தான் நான் சொல்வேன். சர்க்கரை வகைப் பொருளையும், நீரில் கரையும் பிசின் வகைப் பொருளையும் மருந்தோடு கலந்து, நுண்ணிய குழிகள் கொண்ட சிலிக்கோன் ரப்பர் அச்சில் ஊற்றி, காற்றுக் குமிழி இல்லாமல் குழியின் அடிவரை இறங்கச்செய்து, உலரவைத்து உரித்தெடுக்கிறார்கள். ஊசியே மருந்து, மருந்தே ஊசி. தோலுக்குள் போனதும் அங்குள்ள ஈரத்தில் அது கரைந்துவிடும். எடுத்தெறியும் ஒட்டில் கூர்முனை எதுவும் மிஞ்சாது.

இது எவ்வளவு பெரிய வசதி என்பது, பயன்படுத்திய ஊசிகளை வீட்டில் வைத்திருப்பவர்களுக்குத்தான் தெரியும். துணி மென்மையாக்கும் திரவம் வந்த தடித்த பிளாஸ்டிக் போத்தலில் அவற்றைப் போட்டு மூடி, நிறைந்ததும் அரசாங்க கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். எல்லா வீடுகளிலும் அப்படிச் செய்வதில்லை. குப்பைப் பையில் வெறுமனே கிடந்த ஊசி, குப்பை அள்ளும் தம்பி ஒருவரின் கையைக் குத்தி, அவர் மாதக்கணக்கில் இரத்தப் பரிசோதனைக்கு அலைந்ததை நான் அறிவேன்.

கரையும் ஊசியில் இன்று மிகத் தொலைவு முன்னேறியிருப்பது தடுப்பு மருந்துதான். அதற்குக் காரணம் தோலின் இயல்பிலேயே இருக்கிறது. வெளியிலிருந்து வரும் கிருமியை முதலில் சந்திக்கவேண்டிய இடம் என்பதால், நோயெதிர்ப்புக்கு ஆள் திரட்டும் காவல் அணுக்கள் தோலில் செறிந்திருக்கின்றன. தசைக்குள் ஆழமாகப் போடும் ஊசி அவற்றைத் தாண்டிப் போய்விடுகிறது; நுண்ணூசி அவற்றின் நடுவிலேயே மருந்தை வைத்துவிடுகிறது. நம் மொழியில் தடுப்பு மருந்து போடுவதை முன்பெல்லாம் 'அம்மை குத்துவது' என்றே சொன்னார்கள். அந்தச் சொல் சரியானதுதான். அது ஆழமாகச் செலுத்தும் ஊசி அன்று, தோலைக் கீறியும் குத்தியும் வைத்த மருந்து. 1967இல் உலக சுகாதார நிறுவனம் பெரியம்மையை ஒழிக்கத் தீவிரமாக இறங்கியபோது, இரு முனை கொண்ட சிறு ஊசியில் ஒரு துளி மருந்தைத் தொட்டுத் தோலில் பலமுறை விரைவாகக் குத்தினார்கள். 1980இல் அந்த நோய் உலகில் இல்லையென்று அறிவிக்கப்பட்டது. அம்மாவின் இடது மேற்கையில், தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரசர் சிறு வயதில் அம்மை குத்திய வடு ஐந்து காசு அளவில் இன்னும் இருக்கிறது. ஜப்பானில் குழந்தைகளுக்குக் காசநோய்த் தடுப்பை இன்றும் ஒன்பது முனை கொண்ட முத்திரையால்தான் தோலில் அழுத்திப் போடுகிறார்கள்.

2015இல் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் நூறு பெரியவர்களை வைத்து ஃபுளு காய்ச்சல் தடுப்பு ஒட்டைச் சோதித்தார்கள். முடிவு 2017இல் லான்செட் இதழில் வெளியானது. ஒரு ஒட்டில் 650 மைக்ரோமீட்டர் உயரத்தில் நூறு ஊசிகள். மணிக்கட்டில் வைத்து அழுத்தி இருபது நிமிடம் விட்டால் போதும். நோயெதிர்ப்பு வழக்கமான ஊசிக்கு இணையாக இருந்தது. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றியவை வேறு இரண்டு. ஒன்று, ஒரு பகுதியினர் சிறிது விளக்கம் கேட்டுவிட்டு ஒட்டைத் தாங்களே ஒட்டிக்கொண்டார்கள். தாதி போட்டதற்கும் அவர்கள் போட்டதற்கும் பலனில் வேறுபாடு இல்லை. மற்றொன்று, அந்த ஒட்டு 40 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஓராண்டு வைத்திருந்தும் வீரியம் இழக்கவில்லை. நம் ஊர் வீட்டு அலமாரியில்கூட அவ்வளவு சூடு வருவதில்லை.

அடுத்து வந்த காம்பியா ஆய்வைப் படித்தபோது நான் எழுந்து நடக்கத் தொடங்கிவிட்டேன். மேற்கு ஆப்பிரிக்காவின் அந்தச் சிறு நாட்டில் 45 பெரியவர்கள், 15 முதல் 18 மாதக் குழந்தைகள் 120 பேர், 9 முதல் 10 மாதக் குழந்தைகள் 120 பேர் ஆகியோரிடம் தட்டம்மை, ருபெல்லா தடுப்பு ஒட்டு சோதிக்கப்பட்டு, முடிவுகள் 2024இல் வெளியாகின. மணிக்கட்டில் ஐந்து நிமிடம் ஒட்டியிருந்தார்கள். முன்பு தடுப்பு பெறாத கைக்குழந்தைகளில், தட்டம்மைக்கு எதிரான ஆற்றல் ஒட்டு வழியாக 93 விழுக்காட்டினருக்கும் ஊசி வழியாக 90 விழுக்காட்டினருக்கும் உருவாகியிருந்தது. ருபெல்லாவில் இரு தரப்பிலும் நூற்றுக்கு நூறு. ஒட்டிய இடத்தில் பல குழந்தைகளுக்குத் தோல் சற்றுத் தடித்து நிறம் மாறியிருந்தது. அதைத் தவிரக் கவலைப்படும்படி எதுவும் நேரவில்லை. பெரிய அளவிலான ஆய்வுகள் இன்னும் தேவை. சில நூறு பேரிடம் நன்றாக வேலை செய்தது என்பதால் மட்டும் நாடு முழுவதும் கொடுத்துவிட முடியாது. இருந்தாலும் 2020இலேயே உலக சுகாதார நிறுவனம், யூனிசெஃப், 'காவி' என்ற உலகத் தடுப்பு மருந்துக் கூட்டணி ஆகியவை சேர்ந்து தடுப்பு மருந்துத் துறையின் புதுமைகளில் இதையே முதலிடத்தில் வைத்தன என்பதை இங்கே சொல்லவேண்டும்.

சுங்கை சிப்புட்டிலிருந்து லாசா என்ற சிற்றூரைத் தாண்டிப் போனால் தார்ச்சாலை முடிந்து மண்பாதை தொடங்குகிறது. கோலா மூ போன்ற, தெமியார் என்ற பூர்வகுடி மக்களின் கிராமங்கள் அந்தப் பாதையின் உள்ளே இருக்கின்றன. நான்கு சக்கர உந்து வண்டியைத் தவிர வேறெதுவும் போகாது, பெருமழை பெய்தால் அதுவும் நின்றுவிடும். தடுப்பு மருந்தை 2 முதல் 8 பாகைக் குளிரில் பனிப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டு அந்த வழியில் போவது எப்படிப்பட்ட வேலை என்பதை, போய்வந்த தாதி ஒருவர் எங்கள் கடை முகப்பில் நின்று சொல்லக் கேட்டிருக்கிறேன். தட்டம்மை மருந்தைப் பொடியாகக் கொண்டுபோய் அங்கேதான் கரைக்கவேண்டும்; கரைத்துவிட்டால் ஆறு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும், மிஞ்சியது வீண். 2019இல் கிளந்தான் மாநிலத்தின் கோலா கோ என்ற கிராமத்தில் பாத்தேக் பூர்வகுடி மக்களிடையே தட்டம்மை பரவி உயிர்கள் போனபோது, இந்த நாட்டில் இன்னுமா என்று பலர் திகைத்தார்கள். அந்த மண்பாதையில், குளிர்ப்பெட்டி தேவையில்லாத, கரைக்கவேண்டாத, ஊசிக் குப்பை சேர்க்காத ஒட்டுகளை ஒரு தோள்பையில் எடுத்துப்போக முடிந்தால், அந்தக் கிராமத்திலேயே பயிற்சி பெற்ற ஒருவர் போட்டுவிட முடிந்தால், எத்தனை தாய்மார் நிம்மதியடைவார்கள்!

நம் தட்பவெப்பத்துக்கு ஒன்று சொல்லவேண்டும். வெப்பத்தைத் தாங்கும் ஒட்டுகள் ஈரத்தைத் தாங்குவதில்லை. சர்க்கரையால் ஆன முனை காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு மழைக்காலத்து முறுக்கைப்போல நமுத்துவிடும். நமுத்த முனை தோலைத் துளைக்காமல் வளைந்துவிடும். ஆகவே ஒவ்வொரு ஒட்டும் ஈரம் புகாத உறையில் அடைக்கப்பட்டு, ஒட்டும் நொடியில்தான் பிரிக்கப்படவேண்டும்.

இனி இன்சுலினுக்கு வருகிறேன். எனக்கு மிகவும் வேண்டியது இதுதான். ஆனால் இங்கேதான் பொறுமையும் மிக வேண்டியிருக்கிறது. ஒரு யூனிட் இன்சுலினின் எடை 0.0347 மில்லிகிராம். அம்மாவின் 24 யூனிட் ஒரு மில்லிகிராமைக்கூட எட்டாது. ஒரு ஒட்டில் அடங்கும் மருந்து பெரும்பாலும் சில மில்லிகிராம்களே என்றாலும், இந்த அளவு அதற்குள் அடங்கிவிடும். தடை இருப்பது துல்லியத்தில். ஒட்டை அழுத்தும்போது தோல் மெத்தைபோல உள்வாங்குகிறது. நூறு ஊசியில் எண்பது முழுதாக இறங்கி இருபது பாதியில் நிற்கலாம். வியர்வையில் ஒரு விளிம்பு எழும்பிவிடலாம். தடுப்பு மருந்தில் அந்தக் குறையைப் பெரும்பாலும் உடம்பு பொறுத்துக்கொள்ளும். இன்சுலினில் குறைந்தால் சீனி ஏறும். கூடினால் அந்தத் தீபாவளி இரவு திரும்ப வரும்.

இந்தத் துல்லியம் எவ்வளவு கடினம் என்பதற்கு மற்ற மருந்துகளின் அனுபவமே சான்று. ஒற்றைத் தலைவலிக்கான சொல்மிட்ரிப்டான் மருந்தை டைட்டானியம் நுண்ணூசிகளில் பூசி, ஸொசானோ என்ற அமெரிக்க நிறுவனம் ஒப்புதலுக்குக் கொண்டுபோனது. சிலருடைய இரத்தத்தில் மருந்து எதிர்பாராத அளவுக்கு உயர்ந்திருந்ததைச் சுட்டிக்காட்டி, 2020இல் அந்நாட்டு மருந்து ஆணையம் ஒப்புதல் தர மறுத்தது. எலும்புத் தேய்வுக்கான அபாலோபாராடைட் ஒட்டு, 2021இல் முடிவு வெளியான இறுதிக்கட்ட ஆய்வில் முதுகெலும்பின் அடர்த்தியை ஓரளவு உயர்த்தியது. ஆனால் ஊசி தந்த பலனுக்கு ஈடாக வரவில்லை. இவற்றை நான் தோல்வி என்று தள்ளிவிடவில்லை. இரண்டுமே, தோல் வழியாக மருந்து போகும் என்பதைக் காட்டின; எல்லோரிடமும் ஒரே அளவாகப் போகும் என்பதைக் காட்டவில்லை.

ஜென் கு என்ற ஆய்வாளரின் குழு வேறு வழியில் யோசித்தது. அளவை முன்கூட்டியே வைக்காமல், இரத்தத்தில் சீனி ஏறும்போது மட்டும் இன்சுலினை விடும் ஒட்டு ஒன்றை அவர்கள் 2015இல் எலிகளிடமும், 2020இல் ஒரு நாணயம் அளவிலான ஒட்டாகச் சிறு பன்றிகளிடமும் காட்டினார்கள். பன்றிகளில் ஒரே ஒட்டு ஏறக்குறைய ஒரு நாள் சீனியைக் கட்டுக்குள் வைத்திருந்தது. பன்றியிலிருந்து மனிதருக்கு வரும் தூரம் நீண்டது. நுண்ணூசி வழியாக இன்சுலின் தரும் ஒட்டு எதுவும் இன்றுவரை எந்த மருந்தகத்துக்கும் வரவில்லை. ஆனால் எண்ண வேண்டாத, திருகவேண்டாத, தனக்குத்தானே அளவு பார்த்துக்கொள்ளும் ஒன்றை ஓர் ஆய்வகம் செய்து காட்டிவிட்டது என்பதை நான் சிறிய செய்தியாக நினைக்கவில்லை.

அந்த நீண்ட தூரத்தைத்தான் சிலர் காசாக்குகிறார்கள். இந்த ஆண்டு மார்ச் மாதம், சீனி பார்க்கும் பட்டைகள் வாங்க வந்த ஓர் அக்கா தம் கைப்பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துக் காட்டினார். கைப்பேசியில் வந்த விளம்பரத்தைப் பார்த்து நூற்று இருபது வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கியிருந்தார். நுண்ணூசி வழியாகச் சீனியைக் குறைக்கும் ஒட்டு என்று அதில் போட்டிருந்தது. எட்டு நாளாக இன்சுலினை நிறுத்திவிட்டு அதைத்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறேன் என்றார். அங்கேயே விரலைக் குத்திப் பார்த்தோம், 22.4, அபாயமான உயர்வு. உடனே அவருடைய மகனை அழைத்து கிளினிக்குக்கு அனுப்பிவைத்தோம். அந்தப் பெட்டியில் எம்ஏஎல் என்று தொடங்கும் பதிவு எண் இல்லை. மலேசியாவில் முறைப்படி பதிவு செய்யப்பட்ட மருந்து எதுவானாலும் அந்த மூன்று எழுத்துகளும் அதன்பின் எண்களும் அட்டையில் இருக்கவேண்டும். அது இல்லாத ஒன்றை, யார் எவ்வளவு உறுதியாகச் சொன்னாலும், வாங்காதீர்கள். இன்னொரு கணக்கும் எளிது. சீனியைக் குறைக்கும் மெட்ஃபோர்மின் மாத்திரை ஒன்றில் 500 அல்லது 850 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. ஓர் ஒட்டின் ஊசிகள் அத்தனையும் சேர்ந்து சில மில்லிகிராம் எடைதான். ஒருநாள் மாத்திரைக்கு ஈடான மருந்தை அதற்குள் வைக்க இடமே இல்லை. இந்த ஏமாற்று வேலையால் அந்த அக்காவின் உடம்பு கெட்டது ஒரு பக்கம். நாளைக்கு உண்மையான ஒட்டு வந்தாலும் அவர் அதை நம்பமாட்டார் என்பதும் எனக்குப் பெரும் வருத்தம்.

இதையெல்லாம் ஒருநாள் இரவு அம்மாவிடம் விளக்கிச் சொன்னேன். எமரியில் சோதித்த ஒட்டைப் பற்றிச் சொல்லும்போது, போதுமான அளவு அழுத்திவிட்டோம் என்பதைத் தெரிவிக்க அதன் பின்புறம் ஒரு சிறு ஒலி எழுப்பும்படி செய்திருந்தார்கள் என்பதையும் சொன்னேன். அவர் அதைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சத்தம் வருமா? எத்தன தடவ?"

"ஒரே தடவதாம்மா. டிக்குன்னு ஒன்னு. அது கேட்டாப் போதும்."

"ஒன்னு எண்ண எனக்குத் தெரியும்," என்று சொல்லிவிட்டுப் பேனாவைக் காதருகே கொண்டுபோனார். நான் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்தேன்.